பால்மிடேட் போடாம வெறும் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்து ஆல்புமின் புரோட்டீன்) போட்ட குழியும் மஞ்சளா வருது, எட்டு மாச டேட்டாவை என்ன பண்றது?

ரா_செல்_ஸ்காலர் | இரவு 11:42

எல்லாருக்கும் வணக்கம். பிஎச்டி மூணாவது வருஷம். கொழுப்பு அமிலம் மேக்ரோஃபேஜை (கிருமியை விழுங்குற நோய் எதிர்ப்பு செல்) எப்படி உசுப்பிவிடுதுன்னு பாக்குறதுதான் என் வேலை. ரா 264.7ங்கற எலி மேக்ரோஃபேஜ் செல்ஸ்ல 0.5 மில்லிமோலார் பால்மிடேட் (ஒரு சாச்சுரேட்டட் கொழுப்பு அமிலம்) போட்டு 24 மணி நேரம் விட்டு, மேல இருக்க மீடியாவை எடுத்து டிஎன்எஃப் ஆல்ஃபாங்கற அழற்சி புரோட்டீனை அளக்க எலைசா (ஆன்டிபாடியும் கலரும் வச்சு அளக்குற டெஸ்ட்) போடுவேன். பால்மிடேட் மீடியால தானா கரையாது, அதனால பிஎஸ்ஏவோட 3:1 கணக்குல கட்டித்தான் குடுக்கணும், அதாவது செல்லுக்கு மேல கிட்டத்தட்ட 1.1% பிஎஸ்ஏ நிக்கும். இதுவரைக்கும் என் கன்ட்ரோல் வெறும் மீடியா மட்டும்தான். லேப்ல எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அப்படித்தான் பண்ணாங்க, நானும் கேக்காம அதையே புடிச்சுக்கிட்டேன், ஒவ்வொரு தடவையும் டிஎன்எஃப் நல்லா ஏறுச்சு, எட்டு மாசம் சந்தோஷமா ஓடுச்சு.

போன வாரம் லேப் மீட்டிங்ல கைடு பிஎஸ்ஏ மட்டும் போட்ட கன்ட்ரோல் எங்கன்னு கேட்டாங்க. சரின்னு போட்டேன். டிஎம்பிங்கற கலர் வர்ற திரவத்தை ஊத்தி ரெண்டு நிமிஷம்கூட ஆகல, பால்மிடேட் வரிசை நீலமாகுறப்பவே பிஎஸ்ஏ வரிசையும் கூடவே நீலமாகுது. ஆசிட் போட்டு நிறுத்தினா ரெண்டும் ஒரே மஞ்சள். 450 நானோமீட்டர்ல ரீடிங் வெறும் மீடியா 0.12, பிஎஸ்ஏ மட்டும் 1.35, பால்மிடேட் 1.41. ரெண்டு தடவை திருப்பி போட்டும் அதேதான். ப்ளேட்டை கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். பிஎஸ்ஏங்கறது சும்மா ஒரு கேரியர் புரோட்டீன்னுதானே படிச்சோம், அது எப்படி டிஎன்எஃபை ஏத்தும்? தூக்கமே வரல, யாராவது பதில் சொல்லுங்க ப்ளீஸ்.

மைனஸ்80 | இரவு 11:58

தம்பி முதல்ல மூணு விஷயம் சொல்லுப்பா. என்ன கிரேடு பிஎஸ்ஏ? பாட்டில் எவ்ளோ பழசு? எப்படி ஸ்டெரைல் பண்ற?

ரா_செல்_ஸ்காலர் | நள்ளிரவு 12:05

அக்கா, லேபிள்ல ஃப்ராக்‌ஷன் ஃபைவ்னு போட்டிருக்கு. ஃபேட்டி ஆசிட் ஃப்ரீ இல்ல. பாட்டில் நான் சேர்றதுக்கு முன்னாடியே 4 டிகிரி ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு, வெஸ்டர்ன் ப்ளாட் (மெம்பரேன்ல புரோட்டீனை ஆன்டிபாடி வச்சு தேடுற டெஸ்ட்) ப்ளாக்கிங்குக்கும் எல்லாரும் அதுல இருந்துதான் எடுப்பாங்க, ஸ்பாட்சுலாவை விட்டு அள்ளுவாங்க. 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டித்தான் செல்லுக்கு போடுறேன், கன்டாமினேஷன் ஒரு தடவைகூட வந்ததில்ல.

மைனஸ்80 | நள்ளிரவு 12:40

விஷயம் அங்கதான் இருக்கு தம்பி. 0.22 ஃபில்டர் பாக்டீரியாவை நிறுத்தும், ஆனா பாக்டீரியா செத்து உதிர்த்துட்டு போன எண்டோடாக்ஸினை, அதான் எல்பிஎஸ், நிறுத்தாது. அது ஓட்டை வழியா சாவகாசமா கீழ இறங்கிடும். ஆட்டோக்ளேவ்ல 121 டிகிரிலயும் அழியாது. கண்ணாடி பாத்திரத்தை 250 டிகிரி உலர் சூட்டுல வச்சுத்தான் அதை ஒழிப்பாங்க, பிஎஸ்ஏவை அப்படி வைக்க முடியுமா, சாதா சூட்டுலயே கட்டிதட்டிடும். அதனால மீடியா கலங்கல, மைக்ரோஸ்கோப்ல ஒண்ணும் ஓடல, அதனால சுத்தம்னு நெனைக்காத.

கணக்கு போட்டு பாப்போம். உன் செல்லுக்கு மேல ஒரு மில்லில 11 மில்லிகிராம் பிஎஸ்ஏ இருக்கு. மில்லிகிராமுக்கு 1 எண்டோடாக்ஸின் யூனிட்டுதான் இருக்குன்னு வச்சுக்க, அப்பவே மில்லிக்கு 11 யூனிட்டு ஆச்சு. 10 யூனிட்டுங்கறது சுமாரா ஒரு நானோகிராம் எல்பிஎஸ். மேக்ரோஃபேஜ் அதுக்கும் கீழயே டிஎன்எஃப் கக்கும், அதோட பொழப்பே அதானே. பிஎஸ்ஏ மாட்டு ரத்தத்துல இருந்து வர்றது, ரத்தம் எடுக்குறதுல இருந்து பொடியாக்குறது வரைக்கும் எங்க வேணா பாக்டீரியா ஒட்டலாம். அதுக்கு மேல உங்க பாட்டில்ல எல்லாரும் ஸ்பாட்சுலா விட்டிருக்கீங்க.

இதுல மாட்டினது நீ மட்டும் இல்ல, அதை நம்பு. 2001ல சாச்சுரேட்டட் கொழுப்பு அமிலம் டிஎல்ஆர்4ங்கற, எல்பிஎஸ்ஸை உணர்ற ரிசப்டர் வழியா சிக்னல் குடுக்குதுன்னு ஒரு பேப்பர் வந்துச்சு, 2006ல அதை வச்சு இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் வரைக்கும் கதை போச்சு, உடம்பு பெருத்தா ஏன் அழற்சி வருதுங்கறதுக்கு அழகான விளக்கம், எல்லாரும் கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் 2009ல எரிட்ஜ், சமானின்னு ரெண்டு பேர், கொழுப்பு அமிலம் நேரடியா அந்த ரிசப்டரை தட்டுறதில்ல, பழைய ரிசல்ட்டுல ரீஏஜென்ட்ல இருந்த, குறிப்பா பிஎஸ்ஏல இருந்த பாக்டீரியா கலப்பு வேலை பண்ணியிருக்கும்னு எழுதினாங்க. 2018ல இன்னொரு குரூப்பும் டிஎல்ஆர்4 பால்மிடேட்டுக்கு ரிசப்டர் இல்லன்னு காட்டிச்சு. ஆனா முன்னாடியே டிஎல்ஆர்4 தூண்டப்பட்ட செல்லோட மெட்டபாலிசம் மாறியிருக்கும், அந்த செல்லுல பால்மிடேட் அழற்சியை கொண்டுவரும்னும் அதே பேப்பர் சொல்லுச்சு. அதனால உன் டேட்டா மொத்தமும் குப்பைன்னு இப்பவே முடிவு கட்டாத.

நாளைக்கு பண்ண வேண்டியது: அதே பிஎஸ்ஏல பாலிமிக்ஸின் பி 10 மைக்ரோகிராம் போட்டு ஒரு வரிசை. அது எல்பிஎஸ்ஸை கவ்விக்கும், டிஎன்எஃப் விழுந்தா குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடும். பக்கத்துலயே சுத்தமான எல்பிஎஸ் தனியா, எல்பிஎஸ் பிளஸ் பாலிமிக்ஸின் ஒண்ணு, அது இல்லாம போடாத. பாக்டீரியா லிப்போபெப்டைடை பாலிமிக்ஸின் கவ்வாது, அதனால பாதி விழுந்து பாதி நின்னாலும் ஆச்சரியப்படாத. பக்கத்து லேப்ல எண்டோடாக்ஸினை அளக்குற எல்ஏஎல் கிட் இருந்தா கெஞ்சி ஒரு டெஸ்ட்டுக்கு வாங்கு.

ரா_செல்_ஸ்காலர் | நள்ளிரவு 12:51

அக்கா ரொம்ப நன்றி. ஃபேட்டி ஆசிட் ஃப்ரீ வாங்கினா சரியாயிடுமா?

மைனஸ்80 | நள்ளிரவு 12:59

இல்லப்பா, அது வேற இது வேற. ஃபேட்டி ஆசிட் ஃப்ரீன்னா கரி மாதிரி எதையாவது வச்சு ஒட்டியிருந்த கொழுப்பை உரிச்சிருக்காங்கன்னு மட்டும்தான் அர்த்தம், எண்டோடாக்ஸின் அப்படியே இருக்கலாம். லோ எண்டோடாக்ஸின்னு தனியா போட்டிருக்கணும், அந்த லாட்டோட சர்டிஃபிகேட்ல நம்பர் இருக்கணும். உன் வேலைக்கு ரெண்டும் சேர்ந்ததுதான் வேணும். சாதா ஃப்ராக்‌ஷன் ஃபைவ் ஏற்கனவே கொழுப்பு அமிலத்தை சுமந்துக்கிட்டுத்தான் வருது, அப்ப நீ 3:1ன்னு எழுதினது நெஜத்துல 3:1 இல்ல.

புதுசா_வந்தவ | காலை 7:15

நான் எம்எஸ்சி படிக்கிறேன், தப்பா கேட்டா மன்னிச்சிடுங்க. ப்ளாட்லயும் பிஎஸ்ஏ, ப்ராட்ஃபோர்டுலயும் பிஎஸ்ஏ, எங்க கிளாஸ்ல ரெஸ்ட்ரிக்‌ஷன் டைஜஷன் பஃபர்லயும் பிஎஸ்ஏ, இப்ப செல்லுலயும். ரத்தத்துல அவ்ளோ புரோட்டீன் இருக்கே, எல்லாரும் இதையே ஏன் புடிச்சாங்க?

ஓய்வுபெற்ற_பயோகெம் | காலை 9:30

நல்ல கேள்விம்மா, 30 வருஷம் பாடம் நடத்தினதுல இதை கேட்ட புள்ளைங்க கம்மி.

மலிவா, சுத்தமா, டன் கணக்குல கிடைச்சது இதுதான், அதான் முதல் காரணம். பிளாஸ்மால இருக்க புரோட்டீன்ல பாதிக்கு மேல ஆல்புமின், மனுஷனுக்கு லிட்டருக்கு 35லேர்ந்து 50 கிராம். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஹார்வர்டுல எட்வின் கோன்ங்கறவர் பிளாஸ்மாவை குளிர்ந்த எத்தனால்ல படிப்படியா பிரிச்சார், ஆல்கஹால் அளவு, பிஎச், உப்பு, சூடு இதையெல்லாம் ஒவ்வொண்ணா மாத்தி மாத்தி. முதல்ல விழுந்தது ஃபைப்ரினோஜன் அதிகமா இருக்கறது, அது ஃப்ராக்‌ஷன் ஒண்ணு. காமா குளோபுலின் ரெண்டு. கடைசில 40% எத்தனால், மைனஸ் 5 டிகிரி, பிஎச் 4.8 பக்கம் வந்து விழுந்தது ஆல்புமின், அதுதான் அஞ்சு. 1941 டிசம்பர்ல பேர்ல் ஹார்பர் தாக்குதல்ல தீக்காயம் பட்டவங்களுக்கு அந்த ஆல்புமினை ஏத்தினாங்க. அதே வழியை மாட்டு பிளாஸ்மாவுக்கு போட்டதுதான் உங்க பிஎஸ்ஏ. இன்னிக்கு நிறைய கம்பெனி சூடு காட்டி பிரிக்கிற வேற முறைல பண்றாங்க, ஆனாலும் அந்த அஞ்சுங்கற பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

ரெண்டாவது காரணம் அந்த மாலிக்யூலோட குணம். 583 அமினோ ஆசிட், 66.5 கிலோடால்டன், 17 டைசல்ஃபைடு பிணைப்பு போட்டு இறுக்கி கட்டினது, அதனால கொஞ்சம் முரட்டுத்தனமா கையாண்டாலும் தாங்கும். தண்ணில எக்கச்சக்கமா கரையும். எது கெடச்சாலும் ஒட்டிக்கும், கண்ணாடி, பிளாஸ்டிக், மெம்பரேன், மருந்து, சாயம், உலோகம். டியூப் சுவத்துல இது முதல்ல போய் ஒட்டிக்கிட்டா உங்க விலையுயர்ந்த என்ஸைம் ஒட்டாம தப்பிக்கும், டைஜஷன் பஃபர்ல அதுக்குத்தான் போடுறது.

உடம்புல இதோட வேலையே சுமை தூக்குறதுதான். நீளமான கொழுப்பு அமிலத்துக்கு மனுஷ ஆல்புமின்ல ஏழு இடம் இருக்கறதை 2000ல கிரிஸ்டல்ல பாத்தாங்க. மருந்துக்கு ரெண்டு முக்கியமான இடம், 1970கள்ல சட்லோ குரூப் பிரிச்சு காட்டினது, ஒண்ணுல வார்ஃபரின் உக்காரும், இன்னொண்ணுல டையசெபாம், ஐபுப்ரோஃபென். புது மருந்து எது வந்தாலும் ஆல்புமின்ல எவ்ளோ ஒட்டுதுன்னு பாக்காம விடமாட்டாங்க, ஏன்னா ஒட்டாம ஃப்ரீயா இருக்கறதுதான் வேலை செய்யும். மனுஷ ஆல்புமின்ல ட்ரிப்டோஃபேன் ஒண்ணே ஒண்ணு, 214வது இடத்துல. மருந்து பக்கத்துல வந்தா அதோட ஃப்ளோரசன்ஸ் மங்கும், அதை வச்சே எத்தனையோ பேர் பிஎச்டி முடிச்சிருக்காங்க. மாட்டுதுல ட்ரிப்டோஃபேன் ரெண்டு, அதனால ரெண்டையும் ஒண்ணா நெனச்சு கணக்கு போடக்கூடாது.

இப்படி எதையும் புடிச்சு வச்சுக்கிற புரோட்டீன் வெறும் கையோட உங்க லேப்புக்கு வராது. ஸ்காலர் தம்பிக்கு நடந்தது அதான்.

பிளாட்_பிரியன் | காலை 10:12

ப்ளாக்கிங் பத்தி, அதாவது ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம மெம்பரேனை முன்னாடியே மூடுறதை பத்தி, நானும் சொல்றேன். போன வருஷம் எனக்கு மெம்பரேன் முழுக்க கருப்பு, பேண்ட் எங்கன்னே தெரியாது. பால்பவுடர்லேர்ந்து பிஎஸ்ஏ 5%க்கு மாறினேன், இன்னும் கருப்பு. புது ட்வீன், புது மெம்பரேன், வாஷ் பத்து நிமிஷத்தை அரை மணி நேரம் ஆக்கினேன், ஒண்ணும் அசையல. கடைசில பாத்தா என் ப்ரைமரி ஆன்டிபாடி ஆடுல வளத்தது, அதை புடிச்சு ஒளி விடற செகண்டரி ஆன்டிபாடி ஆன்ட்டி-கோட், அதாவது ஆட்டு ஆன்டிபாடியை புடிக்கிறது. ஆடும் மாடும் சொந்தக்காரங்க, பிஎஸ்ஏ பொடில மாட்டு ஐஜிஜி ஆன்டிபாடி கொஞ்சம் எப்பவும் இருக்கும், பால்லயும் இருக்கும், செகண்டரி போய் ப்ளாக்கிங்கையே புடிச்சு மெம்பரேன் பூரா ஒளி விட்டிருக்கு. கழுதை சீரத்துல ப்ளாக் பண்ணேன், அதே எக்ஸ்போஷர்ல மெம்பரேன் வெள்ளை, பேண்ட் ஒத்தையா நின்னுச்சு. ரெண்டு மாசம் போச்சு இதுக்கு.

இன்னொண்ணு, ப்ளாக்கிங் பிஎஸ்ஏ கெடக்கூடாதுன்னு சோடியம் அசைடு போட்டு வைப்பாங்க. ஹெச்ஆர்பி (ஒளி வரவைக்கிற என்ஸைம்) ஒட்டின செகண்டரியை மறந்துபோய் அதுல கலந்தா முடிஞ்சது, அசைடு ஹெச்ஆர்பியை அமுக்கிடும், சிக்னலே வராது. பாஸ்போ ஆன்டிபாடிக்கு (பாஸ்பேட் ஒட்டின புரோட்டீனை புடிக்கிறது) பால் வேண்டாம், பால்ல இருக்க கேசீன் தானே பாஸ்போ புரோட்டீன், பிஎஸ்ஏ மட்டும்தான்.

லேன்_நம்பர்_ஒண்ணு | காலை 10:40

கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். பாஸ்போன்னாலே பால் கூடாதுங்கறதை எல்லாரும் மந்திரம் மாதிரி சொல்றோம். நான் பாஸ்போ-ஏகேடி பால்ல ப்ளாக் பண்ணி பளிச்சுனு எடுத்திருக்கேன், அதே ஆன்டிபாடி பிஎஸ்ஏல பேக்கிரவுண்ட் ஏறிச்சு. உங்க ஆன்டிபாடி அந்த ஒரு சைட்டை மட்டும் புடிக்கிறதா இருந்தா கேசீனை ஏன் போய் தொடணும்? பால் கூடவே கூடாதுன்னு நான் அடிச்சு சொல்றது ஸ்ட்ரெப்டாவிடின் போடறப்பதான், அது பயோட்டினை புடிக்கும், பால்ல பயோட்டின் இருக்கு. மத்தபடி மெம்பரேனை ரெண்டா வெட்டி ரெண்டுலயும் ப்ளாக் பண்ணி பாருங்க, ஒரு நாள் வேலை.

பிளாட்_பிரியன் | காலை 10:55

சரிதான், நான் வெட்டி பாத்ததில்ல. இந்த வாரம் போடுறேன்.

யாழ்_லாப் | மதியம் 1:20

நான் ஆஸ்பத்திரி லாப்பில வேலை செய்யிறன், ஆராய்ச்சி இல்ல. எங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஆல்புமின்தான். ப்ரோமோகிரீசோல் க்ரீன் எண்ட சாயத்தோட ஆல்புமின் ஒட்டினா பச்சை நிறம் கூடும், அதை வச்சுத்தான் நோயாளியின்ர அளவைச் சொல்லுறது. நீங்கள் சொல்லுற அதே ஒட்டுற குணம் இஞ்ச எங்களுக்கு உதவி. ஆனா கனநேரம் விட்டு வாசிச்சா மற்ற குளோபுலினுகளும் மெல்ல மெல்ல சாயத்தைப் பிடிக்கும், அளவு கூடக் காட்டும், அதால நேரத்தை சரியாப் பாக்கவேணும். ஈரல் வருத்தக்காரருக்கு ஆல்புமின் குறைவு, குளோபுலின் கூட, அவையளுக்குத்தான் இந்தப் பிழை பெரிசாத் தெரியும். ப்ராட்ஃபோர்டிலயும் இப்பிடி ஏதும் இருக்கோ?

ஓய்வுபெற்ற_பயோகெம் | மதியம் 2:05

இருக்குங்க, அதையும் சொல்லணும்னு இருந்தேன். 1976ல ப்ராட்ஃபோர்டு கொண்டுவந்த முறைல கூமாசி சாயம் முக்கியமா ஆர்ஜினின் இருக்கற இடத்துல ஒட்டி நீலமாகும், 595ல படிப்போம். பிஎஸ்ஏ அந்த சாயத்தை ரொம்ப இழுக்கும், ஒரே எடை எடுத்தா ஐஜிஜி குடுக்கறதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கலர். அதனால ஆன்டிபாடியை அளக்க பிஎஸ்ஏ ஸ்டாண்டர்டு போட்டா ஆன்டிபாடி பாதி இருக்கறதாத்தான் காட்டும். ஒரே லேப்ல ஒரே மாதிரி சாம்பிளை ஒப்பிட பரவால்ல. இத்தனை மில்லிகிராம்னு உறுதியா எழுதணும்னா என்ன ஸ்டாண்டர்டுன்னும் எழுதணும். என்கிட்ட பிஎச்டி பண்ண ஒரு பொண்ணு பிஎஸ்ஏ ஸ்டாண்டர்டையே தராசை நம்பி போடாது, 280ல படிச்சு, மில்லிக்கு 1 மில்லிகிராம்னா 0.67 பக்கம் வருதான்னு பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கும். பொடி ஈரம் இழுத்திருந்தா அதுல மாட்டிடும்.

மண்_டிஎன்ஏ | மாலை 4:30

எங்க லேப்ல பிஎஸ்ஏதான் காப்பாத்துச்சு, அதையும் எழுதிடுறேன். வயக்காட்டு மண்ணுலேர்ந்து டிஎன்ஏ எடுத்தா டீத்தண்ணி கலர்ல வரும், அது மண்ணுல இருக்க ஹியூமிக் ஆசிட், அதால பிசிஆர் (டிஎன்ஏவை பெருக்குற முறை) அப்படியே செத்துடும். மைக்ரோலிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம் பிஎஸ்ஏ சேத்தா அது ஹியூமிக்கை இழுத்து வச்சுக்கும், பாலிமரேஸ் தப்பிக்கும், காலியா இருந்த லேன்ல பேண்ட் வரும். ரத்த சாம்பிள்ல ஹீமுக்கும் இதேதான். ஆனா மாட்டு ஜீனை தேடுறவங்க ஜாக்கிரதை, பிஎஸ்ஏ பொடில மாட்டு டிஎன்ஏ இருந்துச்சுன்னா நெகட்டிவ் கன்ட்ரோல்லயும் பேண்ட் வரும். கறி எந்த மிருகம்னு பாக்குறவங்களுக்கு இது பெரிய தலைவலி.

புதுசா_வந்தவ | மாலை 6:02

மாட்டு ரத்தம் இல்லாமயே பண்ண முடியாதா? மாடு கோமாரி மாதிரி நோய் பயம் எல்லாம் இருக்குமே.

மைனஸ்80 | இரவு 8:47

லேப் ஆளுங்க பயந்தது கோமாரிக்கு இல்லம்மா, மாட்டு மூளையை அரிக்கிற பிஎஸ்இ நோய்க்கு, 1986ல இங்கிலாந்துல கண்டுபுடிச்சது. அதுக்கப்புறம்தான் பிஎஸ்ஏ பாட்டில்ல எந்த நாட்டு மாடுன்னு பாக்க ஆரம்பிச்சாங்க, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துன்னு போட்டிருந்தா விலை ஏறும். மாடே இல்லாத வழியும் வந்துச்சு. 2011ல சீனால வூகான் பல்கலைக்கழகத்துல மனுஷ ஆல்புமின் ஜீனை நெல்லுல வச்சு, ஒரு கிலோ பழுப்பரிசிலேர்ந்து 2.75 கிராம் எடுத்தோம்னு எழுதினாங்க. ஈஸ்ட்ல பண்றதும் இருக்கு. அதே வருஷம் அமெரிக்கால தாம்சன் லேப் ஸ்டெம் செல் மீடியால ஆல்புமினையே தூக்கிட்டு எட்டே பொருள்ல செல் வளத்து காட்டுச்சு. பிஎஸ்ஏல லாட்டுக்கு லாட் வித்தியாசம் வருதுங்கறதுதான் அவங்களுக்கும் பெரிய தொல்லை. ஆனா எல்லாத்துக்கும் மாத்த முடியாது, ஸ்காலர் தம்பி வேலைக்கு கொழுப்பை தூக்க ஆல்புமின் வேணும், உடம்புலயும் அதான் தூக்குது.

ரா_செல்_ஸ்காலர் | ஒன்பது நாள் கழிச்சு, இரவு 10:20

எல்லாருக்கும் ரிசல்ட் சொல்லணும்னு ப்ளேட் படிச்ச கையோட வந்தேன். பக்கத்து டிபார்ட்மென்ட்ல ஒரு அண்ணா லோ எண்டோடாக்ஸின், ஃபேட்டி ஆசிட் ஃப்ரீ பாட்டில்லேர்ந்து 2 கிராம் கடன் குடுத்தாங்க. வெறும் மீடியா 0.11. பழைய பிஎஸ்ஏ 1.29. பழைய பிஎஸ்ஏ பிளஸ் பாலிமிக்ஸின் 0.34. எல்பிஎஸ் தனியா ஸ்கேலை தாண்டிடுச்சு, பாலிமிக்ஸினோட 0.16. புது பிஎஸ்ஏ மட்டும் 0.13. புது பிஎஸ்ஏல கட்டின பால்மிடேட் 0.25.

அந்த பால்மிடேட் கட்டுறதுக்குள்ள உயிர் போச்சு. பிஎஸ்ஏ பொடியை மீடியா மேல தூவிட்டு ஆட்டாம விடணும்னு ஒரு அக்கா சொல்லித்தந்தாங்க, முன்னாடி வோர்டெக்ஸ் போட்டு நுரையா பொங்கவிட்டு அதையே அளந்திருக்கேன். தூவினது மேல வெள்ளையா மெதந்து, ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கண்ணாடி மாதிரி ஆகி, 40 நிமிஷத்துல தானா கீழ இறங்கிடுச்சு. பால்மிடேட்டை 70 டிகிரில தெளிவா கரைச்சு 37 டிகிரி பிஎஸ்ஏல சொட்டு சொட்டா விட்டேன். முதல் டியூப்ல ஒரு நிமிஷம் ஃபோன் எடுத்தேன், அதுக்குள்ள ஆறிப்போய் சோப்பு மாதிரி செதில் செதிலா மெதந்துச்சு, கொட்டிட்டேன். ரெண்டாவது தெளிவா நின்னுச்சு.

0.25ங்கறது 0.13ஐ விட அதிகம்தான், மூணு தடவையும் அதிகம். ஆனா நான் போஸ்டர்ல போட்ட ஏத்தம் இல்ல அது. கைடு கிட்ட காட்டினேன், திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே போனேன், ப்ளேட்டை ரொம்ப நேரம் பாத்துட்டு அந்த ஃபிகரை டிராஃப்ட்லேர்ந்து எடுத்துடுன்னு மட்டும் சொன்னாங்க. இனி எல்பிஎஸ்ஸை தெரிஞ்சே கொஞ்சமா குடுத்து செல்லை தயார் பண்ணிட்டு அப்புறம் பால்மிடேட் போட்டு ஐஎல்-1 பீட்டாங்கற இன்னொரு அழற்சி புரோட்டீனை பாக்கப்போறோம், மைனஸ்80 அக்கா சொன்ன 2018 பேப்பரும் அந்த பக்கம்தானே கைகாட்டுது.

மைனஸ்80 | இரவு 10:41

பாலிமிக்ஸின் போட்டும் 0.34ல நிக்குது பாரு, எல்பிஎஸ் மட்டும் இல்ல, வேற ஏதோவும் அந்த பாட்டில்ல இருக்கு. ஐஎல்-1 பீட்டாவுக்கு 2011லயே எல்பிஎஸ் குடுத்த செல்லுல பால்மிடேட் என்எல்ஆர்பி3ங்கற, ஐஎல்-1 பீட்டாவை வெளிய வரவைக்கிற புரோட்டீனை கிளப்புதுன்னு வந்திருக்கு, முதல்ல அதை படி. புது பிஎஸ்ஏ ஆர்டர் போடறப்ப ஒரே லாட்டா மொத்தமா வாங்கி, வந்த அன்னிக்கே சின்ன சின்ன டியூபா பிரிச்சு, லாட் நம்பரை ஒவ்வொண்ணுலயும் எழுது.

லேன்_நம்பர்_ஒண்ணு | இரவு 10:50

பழைய பாட்டிலை தூக்கி போட்டாச்சா?

ரா_செல்_ஸ்காலர் | இரவு 11:03

இல்லண்ணா, பாதிக்கு மேல இருக்கு. மூடில டேப் ஒட்டி பெருசா எழுதி வச்சிருக்கேன்: மெம்பரேனுக்கு மட்டும், செல்லுக்கு கூடாது. ஸ்பாட்சுலாவையும் அது கூடவே கட்டிவிட்டுட்டேன்.